ஹாலிஎலவுக்கு இரண்டாம் முறை மண் எடுக்கப் போன கதை

என் மகள் சுகன்யா அசேதன இரசாயன ஆராய்ச்சியாளர். நான் சாதாரண தரப் பரீட்சையிலேயே விஞ்ஞானத்தைக் கோட்டை விட்டுவிட்டு, கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுப்பவன். ஆனாலும் அவளுடைய முதல் ஆய்வுக் கட்டுரையில் எனக்கும் பங்கு உண்டு. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் புளோரைட்டைப் பிடித்துக்கொள்ளும் சுட்ட மண் உருண்டைகளைப் பற்றியது அது. அதற்கான மண்ணை ஐந்து வருடங்களுக்கு முன் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சுமந்து வந்தது நான்தான்.

பல நாட்டு ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை கூடும்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். ஆணி வாங்க வந்தவர்கள் பாவம். போன ஆடியில் வெளிநாட்டுக் குழுவொன்று, "நீங்கள் எழுதியபடியே செம்மண்ணில் செய்தோம், ஒன்றும் பிடிக்கவில்லை" என்று அவளுக்கு எழுதியது.

"அதே எடத்து மண்ணு வேணும்பா. என்கிட்ட இருந்தது முடிஞ்சிருச்சு. திரும்பச் செஞ்சு காட்டாட்டி, நான் பொய் எழுதுனதாத்தான் ஆகும்" என்றாள்.

கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மண் எடுத்த இடம் 'ஏழாம் நம்பர் மலையின் உச்சி' என்று கட்டுரையில் இருக்கிறது. நான் உச்சிக்கு ஏறவே இல்லை. அன்று மழை, காலெல்லாம் அட்டை. அடிவாரத்தில் தோண்டிக்கொண்டு வந்து, உச்சி என்று சொல்லிவிட்டேன். மண்ணில் என்ன மேல், கீழ் என்ற நினைப்பு.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பதுளை பஸ் ஏறினேன். பெரகலயில் பதினொன்று பத்துக்கு ஒரு பிளேன்டீ, இரண்டு வடை. ஹாலிஎலயில் இறங்கும்போது மணி ஒன்று. அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய். என் சாக்கையும் மண்வெட்டியையும் ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்ணே, கொழும்புல மண்ணு இல்லியா?"

"இருக்கு தம்பி. அது படிக்காத மண்ணு."

என் மனைவியின் தம்பி கனகராஜுக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. நான் பழைய குழியைக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், இங்கயா தோண்டுனீங்க? இது டொலமைட்டு மூட்ட அடுக்குற எடம். தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுன மலைக்குப் போடுற வெள்ளத் தூளு. கிழிஞ்ச மூட்ட பூரா இங்கதான் கொட்டும். நீங்க மண்ணையா கொண்டு போனீங்க?"

சிக்னல் கிடைக்கும் வளைவுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் சொன்னேன்.

"அஞ்சு வருஷம்ப்பா!"

"திட்டிரு தாயி."

"அப்புறமா திட்டுறேன். டொலமைட்டுல மக்னீசியம் இருக்கு. புளோரைட்ட அதுதான் புடிச்சிருக்கும் போல. அடியில உள்ள மண்ணு, உச்சி மண்ணு, வெறும் தூளு, மூணையும் தனித்தனியா எடுங்க. இந்தத் தடவ ஏறுங்கப்பா!"

ஏறினேன். ஒன்றரை கிலோமீற்றருக்கு ஒரு மணி பத்து நிமிடம். வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "அண்ணே, மூச்ச விட்டுட்டு மண்ண மட்டும் கொண்டு போயிராதீங்க" என்றார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் மலையே குலுங்கியது. உச்சியில் நின்று, கனகராஜைச் சாட்சிக்கு வைத்துப் படமும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. உச்சி மண் ஒன்றையும் பிடிக்கவில்லை. டொலமைட்டு கலந்த அடிவார மண், சுட்ட பிறகு, முன்பு போலவே பிடித்தது; சுட்ட வெறும் தூளும் பிடித்தது. அந்த வெளிநாட்டுக் குழுவும் தூளைக் கலந்து செய்து பார்த்துவிட்டு, சரியாக வருகிறது என்று எழுதியது. சுகன்யா தன் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட்டாள். அப்பா செய்த பிழை என்று போடச் சொன்னேன். "என் பேர்ல வந்த கட்டுரை. நான்தான் வந்து பாத்திருக்கணும்" என்று மறுத்துவிட்டாள். நான் எடுத்த மண்ணுக்கு என் மகள் உலகத்துக்கு முன்னால் பிழையை ஒப்புக்கொண்டதைப் படித்த பிறகு, ஆணி வாங்க வந்தவர்களிடம் அந்த எண்ணிக்கையை ஒரு வாரம் சொல்லவே இல்லை.

போகிறவர்களுக்கு: பஸ்ஸில் இடதுபக்க ஜன்னல் நல்லது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் மண் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளின் ஆராய்ச்சிக்கு எடுக்கிறீர்கள் என்றால், எடுத்த இடத்திலேயே நின்று பையில் எழுதுங்கள். ஏறச் சோம்பலாக இருந்தால் அதையும் எழுதுங்கள். அதுவும் ஒரு தரவுதான் என்கிறாள் என் மகள்.