கவுனுக்குள் என் மகன்

நாடகக்காரனுக்கு அம்மாவாக இருப்பதும் ஒரு தொழில்தான். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை, வெட்கம் மட்டும் தாராளம். டொக்டர், எஞ்சினியர் என்று கனவு கண்டு ஏமாந்த தாய்மாரே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் மகன் அரவிந்தன் அக்கவுண்டன்சியை விட்டுவிட்டு ஒரு நாடகக் குழுவில் பழகுநனாகச் சேர்ந்தான். வேனில் ஊரூராகப் போய், நானூறு வருடத்துப் பழைய ஆங்கில நாடகங்களை அந்தக் காலத்து முறையிலேயே போடுகிற கூட்டம். கோடை முடிவில் பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் வீடு. அந்தக் காலத்தில் பெண்கள் மேடையேறுவதில்லையாம். ஆகவே சீமாட்டி வேடமெல்லாம் புதிதாக வந்தவன் தலையில்.

கொடியில் பாவாடை

நாங்கள் குடியேறிய ஆங்கில ஊரான நோர்பரியில், எங்கள் பின்வளவில் அவனுடைய வளையம் வைத்த பாவாடையைக் காயப்போட்டிருந்தேன். கூடாரம் அளவு. பக்கத்து வீட்டுப் பத்மாக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. மகன் கணக்குப் படிக்கிறான் என்றுதான் கோயிலில் சொல்லி வைத்திருக்கிறேன். "தைக்கத் தந்தவை அக்கா" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அந்த நேரம் பார்த்துக் குசினிக் கதவைத் திறந்து, "அம்மா, என்ர பாவாடை காய்ஞ்சிட்டுதோ?" என்றான் என் செல்வ மகன். பத்மாக்கா கையை நீட்டித் தொட்டுப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னா: "காய்ஞ்சிட்டுது தம்பி, இடுப்பிலதான் கொஞ்சம் ஈரம்."

வால் கொடுத்தவள்

இந்தக் குழுவில் முழு நாடகத்தையும் யாருக்கும் கொடுப்பதில்லை. சேர்ந்து ஒத்திகையும் கிடையாது. அவரவர் வசனமும், அதற்கு முன்னால் மற்றவர் பேசுவதன் கடைசிச் சில சொற்களும் மட்டும். அந்த வாலைக் கேட்டதும் பேச வேண்டும். வீட்டில், குசினியில் சமைத்தபடியே வால் கொடுத்தது நான். கான்வென்ட் சிஸ்டர்மார் அடித்துப் பழக்கிய ஆங்கிலம், சும்மா விடுவேனா? முணுமுணுத்தால் அகப்பையை ஓங்குவேன்.

ஒருநாள் அவனைத் தனியே ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்ட குழுத் தலைவர், ஒரு வெள்ளைக்காரக் கிழவர், என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மேடம், உங்கள் மகன் ஒவ்வொரு வசனமும் முடிந்ததும் ஏன் தலையைக் குனிந்து தப்பப் பார்க்கிறான்?"

கடைசி ஆட்டம்

தமிழ்ச் சனமும் நிறைய வந்திருந்த ஃபாரஸ்ட் கேட் பூங்கா. அதுவரை விசிறி பிடித்து நின்றவனுக்கு அன்றுதான் நீளமான வேடம். தடுமாறினால் வீடுதான். எதிரே நின்ற நடிகர் வாலைச் சொன்னார். அரவிந்தன் அசையவில்லை. அந்தச் சொற்களை என் குரலில் மட்டுமே கேட்டுப் பழகினவன், பட்டப்பகலில் கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுமை ஏது? அதே வாலைக் கான்வென்ட் உச்சரிப்போடு கத்திவிட்டேன்.

சனம் முழுக்கத் திரும்பியது. முன்வரிசையில் பத்மாக்கா வேறு. மகன் பாவாடையைத் தூக்கி, முழங்கால் மடக்கி, சீமாட்டிக் குரலில் சொன்னான்: "அம்மா, இது குசினி இல்லை. கொஞ்சம் பேசாம இருங்கோ." தமிழ்ச் சனம் முதலில் சிரித்தது, பிறகு மற்றவர்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே வசனத்தைப் பிடித்து, குனியாமல், கடைசிவரை பேசி முடித்தான். நான்தான் குனிந்த தலை நிமிரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கிழவர் வந்தார்: "பையனை வைத்துக்கொள்கிறோம். நீங்கள் மட்டும் தயவுசெய்து இனி வராதீர்கள்."

சம்பளமில்லாத வேலையிலிருந்தும் ஆளை நிற்பாட்டுவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.