எதிர்வீட்டில் வைத்த பயணம்

நேற்று திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு என் மகள் பெட்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினாள். "ராகுகாலம்டி" என்றேன். "கார் வந்துருச்சும்மா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு இதே போலொரு திங்கட்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் ஆற்றுப்படை முதல் இன்றைய விமானப் பயணம் வரை தமிழில் வந்த பயண இலக்கியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், நான் மதுரையைத் தாண்டாதவள். பத்து மணிக்குக் காரைக்குடியில் வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் கல்லூரி வேலை நிரந்தரம். எங்கள் ஊர் நாட்டரசன்கோட்டையில் எட்டு மணி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

ராகுகாலத்தில் எப்படிக் கிளம்புவது? ஆத்தா முதல்நாளே நல்ல நேரம் பார்த்து என் பையை எதிர்வீட்டு ஆச்சியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பை கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பியது போல. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். "பயணம் வச்சாச்சு. இனி எந்நேரம் கெளம்புனாலும் தோசமில்ல" என்றாள்.

காலையில் போய்ப் பார்த்தால் எதிர்வீட்டில் பூட்டு! ஆச்சி விடியலிலேயே திருக்கோஷ்டியூருக்குப் போய்விட்டார்களாம். உள்ளே என் ஆய்வேடு, தேர்வாளருக்காக எழுதிவைத்த பதில்கள், எல்லாம். பஸ் ஹாரன் கேட்கிறது. ஆத்தா வெளிறிப்போனாள். "வச்ச பயணத்த எடுக்காமப் போகாதடி!"

"உன் பயணத்துல தீய வைக்க!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

"கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறீர்களே?" என்றார் சென்னையிலிருந்து வந்த தேர்வாளர். பை எனக்கு முன்பே கிளம்பிவிட்டது என்று சொன்னால் நம்புவாரா? "எல்லாப் பயண நூலும் வாசலைத் தாண்டிய பிறகே தொடங்குகிறது. ஏன்?" என்று கேட்டார். கண்முன் அந்தப் பாழாய்ப்போன பூட்டுதான் நின்றது. வியர்த்து விறுவிறுத்து, உளறிக்கொட்டி, எப்படியோ கரையேறினேன்.

வெளியே வந்ததும் காவலாளி, "உங்க ஆத்தா வந்திருக்காக. அங்குட்டு மரத்தடியில உக்காந்திருக்காக" என்றார்.

மடியில் என் பை. தனியாகப் பஸ் ஏறியே அறியாதவள், ஆச்சி திரும்பிவந்ததும் பையை வாங்கிக்கொண்டு எமகண்டத்தில் பஸ் ஏறி வந்திருக்கிறாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல நேரம் பாக்கலையா ஆத்தா?"

"எனக்கு எதுக்குடி? நானா பயணம் வந்தேன்? பைதான வந்துச்சு."

பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வேட்டில் நடந்து போனவர், குதிரையேறியவர், கப்பலேறியவர் எல்லாரும் இருக்கிறார்கள். ஆத்தா இல்லை. இப்போது வீட்டிலும் இல்லை. எதிர்வீடு, வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதியாகிவிட்டது. முந்தாநாள் அங்கே போய், மகளின் சால்வையை மட்டும் ஒரு நாள் வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

"ரூம் போட்டா வச்சுக்கலாம் ஆச்சி" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

சால்வையை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.