நட் இறுக்கப் போனவன்

சுதாகரனின் போனிலிருந்து அழைப்பு வந்தது. காலையில் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போனவன். விட்ட குறைக்கு ஏசத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல். பெரியகல்லாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மீன் விற்கிறவராம். "மனே, இந்தப் போன்காரர் உங்கட ஆளா? கடைசியா எடுத்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தன், தூக்கல்ல. அதுக்குக் கீழ உங்கட நம்பர் கிடந்திச்சு." மண் ஏற்றிய டிப்பர் ஒன்று அவனுடைய மோட்டார் சைக்கிளை அடித்துவிட்டது, ஆள் முடிந்துவிட்டான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே மழையா என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. நல்ல வெயில் நாள் அது.

சுதாவை 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான். 'அவன்' என்றே எழுதுகிறேன். தன்னாமுனையில் நாங்கள் இருவரும் சேர்ந்து டயர், அலைன்மென்ட் கடை நடத்தினோம். கடைக்குப் பின்னால் அவன் வீடு. இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அவன் மனைவி வதனி. "நல்லவர் வல்லவர் எண்டெல்லாம் எழுதாதங்க தம்பி. அவர் ஏன் போனவர் எண்டு எழுதுங்க. அது போதும்." செத்த வீட்டிலேயே அவர் காதில் விழும்படி கதைத்தார்கள். வெளிநாட்டுக்காரனிடம் காசு கறக்கப் போனானாம். சாராயப் போத்தலுக்குப் போனானாம். அப்படிக் கதைத்தவர்களின் கையிலும் இந்த மலர் இருக்கும். நல்லது, வாசியுங்கள்.

அவன் போனது ஒரு காருக்காக. சுவிஸிலிருந்து வந்து பெரியகல்லாற்றில் தாயோடு நிற்கும் நிரோஜன், இருவர் மட்டும் இருக்கக்கூடிய, நிலத்தோடு படுத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தான். சில்லுகள் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. வெளியே தள்ளி, காரின் வெளிவிளிம்போடு மட்டமாக நிற்க வேண்டும். ரிம்மில், சில்லைத் தாங்கும் ஹப்போடு முட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத்தான் ஒஃப்செட் என்கிறோம். அது குறைந்த வேறு ரிம் வாங்கிப் போட்டால் சில்லு வெளியே வரும். அல்லது இருக்கிற ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஓர் உலோக வட்டு வைக்கலாம். அந்த வட்டுத்தான் ஸ்பேசர். நிரோஜன் எங்கோ லேத்தில் கடைந்த நான்கு வட்டுகளைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

சுதா அதில் ஒன்றை ஹப்பில் மாட்டி ஆட்டிக் காட்டினான். நடு ஓட்டை பெரிது, கடகடவென்று ஆடியது. ஹப்பின் கழுத்தில் இறுகி உட்காராத வட்டைப் போட்டால் சில்லு நடுங்கும், அந்த நடுக்கத்தையெல்லாம் நட் பூட்டும் ஸ்டட்டுகள்தான் வாங்கும் என்றான். "இது புட்டுக்குழலுக்கு மூடி போட நல்லம் தம்பி. காருக்கு வேணாம்." நிரோஜன் சிரிக்கவில்லை. சரியான அளவுள்ள ஸ்பேசர்கள் கொழும்பிலிருந்து வரும்வரை சுதா அந்தக் காரில் மறுபடி கை வைக்கவுமில்லை.

அவன் ஸ்பேசருக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். சில்லுகள் அகன்று நின்றால் வளைவில் பாரம் ஒரு பக்கமாகக் குவிவது குறையும், டயர் நன்றாகப் பிடிக்கும் என்று அவனே சொல்வான். முன்னுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். பின்னுக்கு மட்டும் போட்டால் முன்பக்கம் திரும்ப மறுக்கும். நாலுக்கும் பார்த்துப் போட வேண்டும் என்பான். அதற்குக் கொடுக்கிற விலையையும் சொல்வான். "ஒரு வாளித் தண்ணியக் காலோரமாத் தூக்கிட்டுப் போ. பொறகு கைய நீட்டித் தூக்கிட்டுப் போ. வாளி அதேதான். தோள்தான் போகும்." காருக்குத் தோள் என்பது சில்லைச் சுழலவிடும் பெயரிங்.

பூட்டி முடித்ததும் வாவிக்கரை றோட்டில் அவன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். வளைவில் கார் றோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் அவன் கையைப் பிடுங்கியது. சில்லு வெளியே தள்ளி நிற்பதால் சின்ன இடிக்கும் நெம்புகோல் நீளமாகிவிடுகிறது. அவன் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டே ஓட்டினான். கடை வாசலில் நிறுத்திய பிறகுதான் முகம் மாறியது. "நல்லாத்தான் இரிக்கு மச்சான். அதுதான் பயம். நல்லாயிரிக்கு எண்டு அவன் இன்னும் அமத்தி ஓட்டுவான். பெயரிங்கும் ஸ்டட்டும் வாய் திறந்து சொல்லாது."

ஸ்பேசர் பூட்டிய கார் ஐம்பது கிலோமீற்றர் அளவில் ஓடியதும் திரும்பி வர வேண்டும். புது உலோக முகங்கள் ஒன்றோடொன்று படிய, நட்டுகளின் இறுக்கம் தளரும். குறித்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சத்தமிடும் டோர்க் ரென்ச்சால் ஒரு முறை இறுக்கிவிட்டால் சரி. பத்து நிமிட வேலை, அதற்குக் காசும் இல்லை. ஆனால் யாரும் வருவதில்லை. சுதா தன் பட்டன் போனை எடுப்பான். வணக்கம் கிடையாது, சுகம் விசாரிப்பது கிடையாது. "சில்லு இன்னும் காரோடதான் இரிக்கா?" அதற்கும் வராவிட்டால் ரென்ச்சைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவனே போவான். ஒருமுறை கல்யாண மண்டப வாசலில், மாலையோடு மாப்பிள்ளை உள்ளே இருக்க, காரைச் சுற்றி முழங்காலில் போய் நட் இறுக்கினான். ஏதோ சடங்கு என்று நினைத்த பெண்ணின் மாமன் வெற்றிலைத் தட்டை நீட்டினார். சுதா இரண்டு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மிச்ச நட்டையும் இறுக்கினான்.

அறிவுகெட்ட வேலை என்று அப்போதே சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன். கார் வாங்க வசதி இருக்கிறவனுக்குப் பத்து நிமிடம் இல்லை. மோட்டார் சைக்கிள்காரன் அவனுக்காக மாவட்டத்தின் மறுமுனைக்கு ஓட வேண்டும். காரை ஒருவன் அனுபவிப்பான், அதன் கவலையை இன்னொருவன் சுமப்பான். இது என்ன நியாயம்?

அன்று காலை நிரோஜன் காரின் படத்தை முகநூலில் போட்டிருந்தான். நாளைக்கு அம்மாவோடு மண்டூர்த் திருவிழாவுக்கு என்று கீழே எழுதியிருந்தான். பூட்டிக்கொண்டு போனவன் அதுவரை திரும்பி வரவேயில்லை. நான்தான் படத்தைச் சுதாவிடம் காட்டினேன், நையாண்டிக்கு. அவன் உடனே எண்ணை அழுத்தினான். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. சாக்கைத் தேடத் தொடங்கினான்.

"நீ என்ன, அவன்ட வேலைக்காரனா?" என்றேன்.

"அவன் எப்பிடியும் போகட்டும். தாய ஏத்தப் போறான்டா."

"ஏத்தட்டும். அவன்ட தாய், அவன்ட கார்."

"நான் போட்ட சில்லு" என்றான். என்னிடம் அவன் சொன்ன கடைசிச் சொற்கள் அவை.

வழியில் இன்னொரு முறையும் நிரோஜனுக்கு எடுத்திருக்கிறான். மீன்காரப் பெண்மணி அடித்துப் பார்த்த எண் அதுதான்.

மறுநாள் நிரோஜன் மண்டூருக்குப் போகவில்லை. தாயை ஏற்றிக்கொண்டு அதே காரில் செத்த வீட்டுக்கு வந்தான். ஒழுங்கை வாசலில் கார் நின்றது. உள்ளே பறைமேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைக்குள் போய் மற்ற ரென்ச்சை எடுத்துவந்தேன். சுதாவின் ரென்ச் நொறுங்கிய மோட்டார் சைக்கிளோடு பொலிசில் கிடந்தது. விழுந்தால் ரென்ச்சின் அளவு பிசகிவிடும், அதை அவனும் நம்பமாட்டான். வெள்ளை வேட்டியோடு காரடியில் முழங்காலில் இருந்தேன். எனக்குப் புத்தி பிரட்டிவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள். வலது பக்கம் எல்லாம் உடனே 'கிளிக்' என்றன. இடது முன் சில்லில், தாய் இருந்து வந்த பக்கத்தில், மூன்று நட் சுழன்றன. ஒன்று கால் சுற்றுக்கும் மேல். ரென்ச் சத்தமிடும்வரை என் கை போய்க்கொண்டே இருந்தது.

நிரோஜன் பக்கத்தில் வந்து நின்றான். "போன் சைலன்ட்ல கிடந்திச்சு அண்ணன்."

தாய்க்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. "மனே, அந்தத் தம்பி நம்மட வீட்டுக்கா வந்தவர்?" என்று மகனைக் கேட்டார்.

"ஓம் அம்மா" என்றேன். "இந்தச் சில்லுக்கு."

அவர் உள்ளே போய் வதனிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். திரும்பிப் போகும்போது அந்தக் காரில் ஏறவில்லை. பஸ்ஸுக்குத்தான் நடந்தார்.

வதனி அக்கா கேட்டதை எழுதிவிட்டேன். அவன் முன்பின் தெரியாத ஒரு தாய்க்காகப் போனான். அடித்த டிப்பரை ஓட்டிய பொடியனை உள்ளே போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை லோட் என்று அவனை விரட்டிய முதலாளி வெளியே நிற்கிறார். நிரோஜனும் கூட்டாளிகளும் சந்தியில் கட்டிய பதாகையில் விதி என்று எழுதியிருக்கிறது. எடுக்காத ஒரு போனுக்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள்.

ரென்ச் வழக்கு முடியும்வரை எங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் உதவாது. அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்வியை மட்டும்தான். ஸ்பேசர் பூட்டிக்கொண்டு போன எல்லோருக்கும் நானே போன் எடுக்கிறேன். வணக்கம் சொல்வதில்லை. சில்லு இன்னும் காரோடதான் இரிக்கா என்று கேட்கிறேன். இப்போது எல்லோரும் முதல் மணியிலேயே எடுக்கிறார்கள்.