ஐம்பது தண்டாலும் ஒரு பொய்ச் சாட்சியும்

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. சில நாள் பதினைந்து. கழிவறைக்கு ஓடுவேன். ரத்தமும் சளியுமாகப் போகும். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு வந்து, பிள்ளைகள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "அட்டென்ஷன்!" என்று கத்துவேன்.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பெயர் செல்வராஜ். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சகோதர சகோதரிகளே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று உங்களுக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர் கேட்பதற்கு முன்னால், உங்களில் பலர் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு பொய் சொன்னேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் இதுவும் பொய்யாகிவிடும்.

1971 ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் அதுவரை வயல் வேலைதான். சென்னையில் ஓராண்டு தேகப்பயிற்சி படித்தபோதே வயிறு கெட்டிருந்தது. ஓட்டல் சாப்பாடு என்று நினைத்தேன். வீட்டுச் சாப்பாட்டிலும் நிற்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிவப்புத் தண்ணீர் மருந்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும்.

ஒரு டிரில் மாஸ்டருக்கு வரக்கூடாத நோய் உண்டென்றால் அது இதுதான். காய்ச்சல் என்றால் சொல்லிவிடலாம். கால் முறிந்தால் கட்டைக் காட்டலாம். இதை எப்படிச் சொல்வது? ஆகவே தந்திரங்கள் செய்தேன். காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டேன். பிள்ளைகளைக் கழிவறைக்கு முதுகு காட்டி நிறுத்துவேன். வலி வரும் நேரத்தில் "ஸ்டாண்ட் அட் ஈஸ்" சொல்லிவிட்டு, ஏதோ யோசிப்பவன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். கவரைப்பேட்டையில் எனக்கு ஒரு வாடகை அறை. அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை சைக்கிள். வழியில் எங்கே சவுக்குத் தோப்பு, எங்கே வாய்க்கால், எந்த இடத்தில் ஆள் நடமாட்டம் குறைவு என்று எனக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அம்மா முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "ஊர்ப் புள்ளைங்களை எல்லாம் குண்டாக்கி அனுப்புறே, உன் ஒடம்பு மட்டும் ஏண்டா கண்ணு இப்பிடி உருகிப் பூடுது?" என்பார்கள். ஓடுகிறேன் அல்லவா அம்மா, அதனால்தான் என்பேன். அது ஒரு வகையில் உண்மைதான்.

இதை எல்லாம் அறிந்தவன் ஒருவன் இருந்தான். ஆல்பர்ட். பயிற்சியில் என் பக்கத்துக் கட்டில். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. 1972-ல் என் அறைக்கு வந்து தங்கினான். நல்ல பாட்டுக்காரன். அவன் வந்த பிறகுதான் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கே உயிர் வந்தது. நான் சுருண்டு கிடந்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்தான். ரத்தக்கறை பட்ட என் வேட்டியை முகம் சுளிக்காமல் கிணற்றடியில் துவைத்தான். அதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். துவைத்தது அவன் கைதான்.

1973 பொங்கல் விடுமுறையில் கும்மிடிப்பூண்டியில் மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் நடந்தது. அறுவடை முடிந்த வயலில் பந்தல் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் இரண்டாம் நாள் சாயங்காலம் நோயாளிகளுக்காக ஜெபித்தார். நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுதேன். சகோதரர்களே, அழுதது உண்மை. வலி நின்றதும் உண்மை. அன்று ஜெபம் முடியும் வரை நான் ஒரு முறைகூட வெளியே ஓடவில்லை.

ஆல்பர்ட் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினான். "ஏறுடா மேடைக்கு! வாங்கிகினு சும்மா குந்திகினு இருந்தா கெடச்சது பூடும்டா!"

நம்மிடையே அப்படி ஒரு பேச்சு இருக்கிறது. சுகம் கிடைத்த உடனே எல்லார் முன்னாலும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், தாமதித்தால் சுகம் நிலைக்காது என்று. ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏறினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. டிரில் மாஸ்டர் என்று சொன்னேன். இரண்டு வருஷ நோய் என்று சொன்னேன். கூட்டம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது. அந்தச் சத்தம் தலைக்கேறிவிட்டது. சட்டையைக் கழற்றிப் பிரசங்கியாரிடம் கொடுத்துவிட்டு, மேடையில் படுத்து, ஐம்பது தண்டால் எடுத்தேன். பந்தல் முழுவதும் சேர்ந்து எண்ணியது. எழுந்து, சட்டையைத் திரும்ப வாங்கி, அதன் பையில் இருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து வயலில் வீசினேன். "இனி செத்தாலும் மருந்தைத் தொடமாட்டேன்!" என்றேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலை, ரத்தம்.

அந்தக் காலையை எப்படி எழுதுவது? வலியைவிட அவமானம் பெரிதாக இருந்தது. ஆண்டவரே, மேடையில் ஏற்றிவிட்டு ஏன் கைவிட்டீர் என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். ஆல்பர்ட்டிடம் சொன்னேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"வெளியே மூச்சு வுடாதே. அந்தக் கூட்டத்துல எத்தினி பேரு உன்னைப் பாத்து நம்புனாங்க? எல்லாம் கெட்டுப் பூடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமாடா?"

"போனா தெரிஞ்சிடாதா? செத்தாலும் தொடமாட்டேன்னு சொன்னியே. கம்முனு இரு. நான் இருக்கிறேன் இல்ல?"

நம்பினேன். ஏழு மாதம் மருந்தில்லாமல் இருந்தேன். ஞாயிறுதோறும் யாராவது வந்து, "பிரதர், உங்க சாட்சி கேட்டு எங்க ஊட்டுல எல்லாருக்கும் விசுவாசம் வந்துச்சு" என்று கையைப் பிடிப்பார்கள். சிரிப்பேன். பெல்ட்டில் புதிய துளை போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் மாதம் சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை. என்னால் அரை மணி நேரம் நிற்க முடியவில்லை. ஆல்பர்ட் தானாக முன்வந்து, "நான் வந்து ஒத்தாசை பண்றேன்" என்றான். வந்தான். நான் ஓடும்போதெல்லாம் அவன் கட்டளை கொடுத்தான். பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. எனக்கு நன்றியில் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் சிரிப்புகூட வருகிறது.

சுதந்திர தினம் முடிந்த அடுத்த வாரம் பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். அவரும் நம்முடைய சபைக்காரர்தான். நாற்காலியைக் காட்டவில்லை.

"மிஸ்டர் செல்வராஜ், உமக்கு ரத்தமாப் போவுதாமே? இன்னும் நிக்கலையாமே?"

"ஐயா, யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? உம்ம கூடவே தங்கிகினு, உம்ம துணியத் தொவைக்கிறவரே சொல்றாரு. ஒட்டுவாரொட்டி நோயா இருந்தா நான் பெத்தவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவேன்? அதுவும் போவட்டும். மேடையில ஏறி ஆண்டவர் பேரால சொன்னீரே, அது இன்னா நாடகம்?"

அடுத்த நாளிலிருந்து நான் வரவேண்டாம். என் இடத்தில் ஆல்பர்ட்.

ஒரே அறையில் இருந்தும் தனக்கு ஒட்டவில்லை என்று ஆல்பர்ட்டுக்குத் தெரியும். மறைக்கச் சொன்னது யார் என்றும் தெரியும். வெளியே வந்தேன். மைதானத்தில் அவன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "லெஃப்ட் டர்ன்!" என்றான். பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவனும் திரும்பிக்கொண்டான்.

சைக்கிளை மிதிக்கத் தெம்பில்லை. தள்ளிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் வயிறு பிடித்து இழுத்தது. சாலையோரச் சவுக்குத் தோப்புக்குள் போனேன். போனது அத்தனையும் ரத்தம். எழுந்திருக்க முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் கொளுத்தியது, எனக்கோ குளிர்ந்தது.

அங்கே ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை. "ஆல்பர்ட் ஏமாத்தினான். நீரும் ஏமாத்தினீர். நான் எல்லாரையும் ஏமாத்தினேன். போதும். இனி உம்முடைய பேருக்காக ஒரு பொய்யும் சொல்லமாட்டேன். யாராவது ஒரு மனுஷனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச் சாக வழி செய்யும்." அவ்வளவுதான். சுகம் கொடும் என்றுகூடக் கேட்கவில்லை.

சாலையில் சைக்கிள் மணி. தோப்போரம் சாய்ந்து கிடந்த என் வண்டியைப் பார்த்து ஒருவர் இறங்கினார். பெயர் முனிரத்தினம், பிறகு எனக்கு அண்ணன் ஆனவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை வைத்தியசாலையில் கம்பவுண்டர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர். நம்முடைய சபை இல்லை, முருக பக்தர்.

"இன்னா சார், இங்க வந்து குந்திகினு கீறே?"

சொன்னேன். முதல் முறையாக எல்லாவற்றையும், தண்டால் வரைக்கும் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

"அந்தக் கூட்டத்துக்கு நானும்தான் வந்தேன், பாட்டு நல்லா இருக்கும்னு. நீ தண்டால் எடுக்கறப்பவே உன் ஒதடு வெளுத்துப் போயி கெடந்துச்சு. ரத்தம் இல்லாத ஒடம்புன்னு தெரிஞ்சிது. இந்த ஆளு நாளைக்கே வைத்தியசாலைக்கு வருவான்னு பாத்துகினே இருந்தேன், நைனா. ஏன் வரல?"

ஏழு மாதமாக ஒரு மனிதர் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் போகாமல் இருந்திருக்கிறேன். தோப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"அழுதுகினு இருக்காதே, இருக்கிற தண்ணியும் பூடும்" என்று சொல்லி, ஒரு லாரியை நிறுத்தி, அன்றே சென்னைக்கு என்னைக் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும், கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். அண்ணன் கொடுத்தார். பழவேற்காட்டிலிருந்து அவருடைய மச்சானை வரவழைத்தார். அவர் ஏரியில் மீன் பிடிக்கிறவர். ரத்தம் கொடுத்துவிட்டு என் கட்டில் பக்கம் வந்து, "இனிமே உம்மேல இறால் வாசனை அடிக்கும் சார், எங்களைக் கொற சொல்லாதே" என்றார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்கள்.

சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் எந்தப் பாவத்தை மறைத்ததால் சுகம் போயிற்று என்று கேட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். ஆல்பர்ட் வரவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெருங்குடல் முழுவதும் புண். ஒட்டுவாரொட்டி இல்லை. முழுதாகப் போகாது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம், மாத்திரையை நிறுத்தினால் எழும்பும். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டான். நான் கேட்ட மிக நல்ல செய்தி அது. என் நோய்க்கு ஒரு பெயர் இருந்தது, என் பாவத்தின் பெயர் இல்லை.

வீடு திரும்பிய முதல் ஞாயிறு, ஆராதனையில் எழுந்து நின்றேன். "அன்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது. தெரிந்தும் ஏழு மாதம் மறைத்தேன். மருந்தை வீசியது விசுவாசம் இல்லை, வீம்பு. இங்கே யாராவது என்னைப் பார்த்து மருந்தை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள்" என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. தாளாளர் ஜன்னலைப் பார்த்தார். ஆல்பர்ட் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். "இவளுக்கு வலிப்பு மாத்திரை. உன் சாட்சிய கேட்டுட்டு நிறுத்திட்டேன்பா. ரெண்டு தபா வந்துடுச்சி. நிறுத்துனது தப்பான்னு யாருகிட்டயும் கேக்கப் பயந்துகினு இருந்தேன்" என்றார். தோப்பில் நான் செய்த ஜெபம் எனக்காக மட்டும் கேட்கப்பட்டது அல்ல என்று அன்று தெரிந்தது.

பள்ளிக்கூடம் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் முனிரத்தினம் அண்ணனின் தொழிற்சாலையில், பயிற்சிக்குச் சேரும் இளைஞர்களுக்குக் காலையில் உடற்பயிற்சி கொடுக்க ஆள் தேடினார்கள். அண்ணன் அதிகாரியிடம் என்னைப் பற்றிச் சொன்ன சிபாரிசு இதுதான்: "வயித்து நோவுக்காரரு சார். ஆனா மறைக்க மாட்டாரு."

முதல் நாள் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். என் வயதுக்காரர்கள்தான். "எனக்கு வயிற்றில் நோய். நடுவில் ஓடுவேன். எண்ணுவதை நிறுத்தாதீர்கள்" என்றேன். குபீரென்று சிரிப்பு. பின்வரிசையில் ஒருவன், "ஓட்டப் பந்தயம் வெச்சா மாஸ்டரைப் பிடிக்க முடியாதுடா!" என்றான். நானும் சிரித்தேன். கால் மணி நேரத்தில் ஓடத்தான் வேண்டியிருந்தது. யாரையும் முதுகு காட்டி நிற்கச் சொல்லவில்லை. கழிவறைக்குள் இருந்தபடியே கேட்டேன், முப்பது குரலும் எண்ணிக்கொண்டே இருந்தன. திரும்பி வந்து என் இடத்தில் நின்று அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

இது 1975. தினம் எட்டு மாத்திரை விழுங்குகிறேன், ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லித்தான். நல்ல மாதமும் உண்டு, மோசமான மாதமும் உண்டு. நோயோடு இருக்கிறவர்களே, கடன்பட்டவர்களே, கூட இருந்தவனால் விற்கப்பட்டவர்களே, ஆண்டவரிடம் போங்கள். அழகாகப் பேச வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள், சண்டை என்றாலும் போடுங்கள். எனக்குக் காது கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். அவர் அனுப்புகிற ஆள் நம் சபையில்தான் இருக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள்.

ஆல்பர்ட்டை மன்னித்துவிட்டாயா என்று பலர் கேட்கிறார்கள். ஆம் என்று முடித்தால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் பெருமை. ஆனால் போன மாதம் ஆரணி சந்தையில் அவனைத் தூரத்தில் பார்த்தபோது, என் கை தானாக மூடிக்கொண்டது. அதுதான் உள்ளது. அந்தக் கை திறக்க எனக்காக ஜெபியுங்கள். திறந்த அன்று, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எழுதுகிறேன்.