மாடி வீட்டுக்கு வந்த த்வா பெண்

சூலூரில் எங்கள் மாடி வீடு காலியாக இருந்தபோது, கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் உகாண்டாப் பெண் ஒருத்தி வீடு கேட்டு வந்தாள். வேறு சில இடங்களில் இல்லையென்று சொல்லியிருப்பார்கள் போல. கேட்கும்போதே திரும்பிப் போகத் தயாராக நின்றாள். வண்டி துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், காரம் சாப்பிடுவாளா என்று மட்டும் கேட்டார். சாப்பிடுவேன் என்றாள். அது பொய்யென்பது முதல் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பிலேயே தெரிந்துபோயிற்று.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பாடத்தில் சந்தேகம் கேட்க வந்தவள், அப்படியே தமிழும் கற்றுக்கொண்டாள். எங்கள் ஊர்த் தமிழென்பதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டாள். மாடிப்படியில் படுத்திருக்கும் பூனையைக்கூட "கொஞ்சம் தள்ளுங்க" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். உகாண்டாவில் எந்த இனம் என்று என் வீட்டுக்காரர் சும்மாதான் கேட்டார். அவள் ஒரு சேலையை மடித்து முடித்தாள். பிறகு, த்வா என்றாள். கல்லூரியில் தன் நாட்டுப் பிள்ளைகளிடம்கூட அதைச் சொன்னதில்லையாம்.

இவர் உடனே போனை எடுத்துத் தேடி, குள்ள மனிதர்கள் என்று சத்தமாகப் படித்துவிட்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் என் பக்கத்தில் வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றாள். இருவரும் ஒரே உயரம். இவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவளே சொன்னாள். அவள் முன்னோர்கள் காட்டுக்குள் இருந்தவர்கள். வேட்டை, தேன், கிழங்கு, மருந்துச் செடி எல்லாம் அங்கேதான். மலைக் கொரில்லாக்களைக் காப்பாற்ற அரசாங்கம் காட்டை எடுத்துக்கொண்டபோது இவர்களை வெளியே அனுப்பிவிட்டது. பதிலுக்கு நிலம் கிடைக்கவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிப் பிழைத்தார்கள். அவள் பிறந்ததே அதற்கப்புறம்தான். காட்டுக்குள் ஒரே ஒருமுறை போயிருக்கிறாள், அதுவும் பள்ளிச் சுற்றுலாவில். இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பாட்டும் ஆட்டமும் எங்களுதுதானுங்க நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்க. ஆடி முடிச்சா, வெளிய உக்கார வெச்சு, தனி ஏனத்துல கடைசியாச் சோறு போடுவாங்க" என்றாள்.

என் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டக் கூலிகள். அவர்களுக்குக் காப்பி கொட்டாங்குச்சியில்தான் வந்தது. அதைச் சொன்னேன். இந்த ஊரிலா என்று இரண்டு தடவை கேட்டாள். "இந்த ஊர்லயேதான் கண்ணு" என்றேன். அன்றைக்கு இருட்டும்வரை நாங்கள் கீழே இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தென்னையில் தேன்கூடு கட்டியபோது, இனி கவலையில்லை என்று இவர் அவளைத் தேடிப் போனார். தேனீ என்றதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். "நான் பாட்டில் தேன்தானுங்க பாத்திருக்கேன்" என்று ஜன்னல் வழியாகப் பதில் வந்தது.

அந்த வருஷம் சோமனூரில் என் அக்கா மகள் கல்யாணம். அவளையும் கூட்டிப் போனோம். சர்ச் முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் ஜமாப் மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடித்து, ஆப்பிரிக்கா அம்மணி ஒரு ஆட்டம் போடட்டும் என்றார். மனுஷன் ஆசையாகத்தான் சொன்னார். அவள் நம் வீட்டு விருந்தாளி, ஆடவெல்லாம் மாட்டாள் என்று சொல்ல எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, சித்தப்பாவிடம் போய் மைக்கை வாங்கினாள்.

"ஆடறனுங்க. ஆனா மொதல்ல சோறு."

மண்டபமே சிரித்தது. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கும் இவருக்கும்தான் தெரியும். இவர் விறுவிறுவென்று போய் முதல் பந்தியில் நடு இலையில் அவளை உட்கார வைத்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அந்தச் சித்தப்பா. பிரியாணியை அவரே அள்ளி வைத்தார். அவள் அவசரமே படாமல், ரசம்வரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான்தான் சரியாகச் சாப்பிடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள். தரையைக் காலால் மிதித்து, தோளைக் குலுக்கி, கை தட்டி, நடுநடுவே குரல் கொடுத்தாள். ஜமாப்காரர்கள் அவள் காலைப் பார்த்துத் தாளத்தை மாற்றிக்கொண்டார்கள். கல்யாணப் பெண் மாலையோடு இறங்கி வந்தாள். பின்னாலேயே அக்கா, நான், சித்தப்பா.

இவர் அதை வீடியோ எடுத்தார். அவள் அதை உடனே ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவே வீடியோ காலில் வந்தார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய் என்னவென்று கேட்டேன்.

"நான் ஆடுனது தப்பாமாங்க. தோள் வரவே இல்லியாமா. அம்மாவே எந்திரிச்சு ஆடிக் காட்டறேங்கறாங்க."

போனை நாற்காலிமேல் சாய்த்து வைத்தோம். அந்தப் பக்கம் தகரக் கூரை வீட்டு வாசல், பின்னால் பச்சை மலை. அந்த அம்மா இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். மேளக்காரர்கள் போனைச் சுற்றிக் கூடினார்கள். சித்தப்பா எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.