பைக்குள் ஒட்டிய பொட்டு

இன்று காலை கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறமுன், வழக்கம்போல நெற்றிப் பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் ஒட்டிவைத்தேன். ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பொரளைக்குச் சற்று முன் சோதனைச் சாவடி. பஸ்ஸுக்குள் ஏறிய இராணுவத்தினர், என் முன் சீற்றில் பொட்டோடு இருந்த ஒரு அம்மாவிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார்கள். பார்த்துவிட்டு இறங்கச் சொன்னார்கள்.

அவர் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆராவது சிங்களத்தில சொல்லுங்கோவன். மகன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான்."

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கீரைக்கட்டோடு நின்ற ஒரு சிங்களப் பெண்தான், தமிழ் ஒரு சொல்லும் விளங்காமலே, "ஒரு தாய்தானே தம்பி, விடுங்கோ" என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். விட்டுவிட்டார்கள்.

பஸ் நகர்ந்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, தெரிந்த நாலு சிங்களச் சொல்லைக் கோர்த்து, ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்குவதென்று கேட்டார்.

நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

இறங்கும்போது "ஸ்துதி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பொட்டு இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.

'நானென்றால் எழும்பிக் கேட்டிருப்பேன்' என்பவர்கள் கீழே எழுதுங்கள். எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். நாளைக்கு அதில் வருகிறேன்.