நாளைய பாவம்

எனக்கும் என் சித்தி மகளுக்கும் ஒரே நாளில் புதுநன்மை; கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறோம். எனக்குக் கவுன் தைத்தவர் அரியாங்குப்பத்து டெய்லர். அவளுக்குக் கவுன் பிரான்ஸிலிருந்து வந்தது. வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் எதற்கு?

சித்தி பிரான்ஸுக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெருமைதான். மகளுக்குப் புதுநன்மை சொந்த ஊரில்தான் நடக்க வேண்டும் என்று சித்தப்பாவோடு அனுப்பியிருந்தாள்; அவளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பெட்டியைத் திறந்ததும் தெருவே வந்து கவுனைத் தொட்டுப் பார்த்தது. இடுப்பில் கையகலத்துக்கு ஒரு சாட்டின் நாடா. தட்டாஞ்சாவடி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அப்பாகூட, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்து தொட்டார். என் கவுனை அவர் அப்படித் தொடவில்லை.

அன்றே முடிவு செய்துவிட்டேன். கோயில் பவனியில் சித்தி மகள் எனக்கு முன்னால் நடப்பாள். என் கையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும். லேசாகச் சாய்த்தால் போதும்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமை சாயங்காலம். பவனி ஞாயிற்றுக்கிழமை காலை, அது முடிந்த கையோடு நன்மை. நடுவில் பாவம் சொல்ல நேரமே இல்லை. அதனால் மற்ற பாவங்களோடு இதையும் சேர்த்துச் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன்.

"மெழுக எப்பம்மா ஊத்துன?" என்றார் பங்குச் சாமியார்.

"நாளைக்கு காலையில, சாமி."

எங்களுக்கு நடுவே இருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் இருமல் கேட்டது. பிறகு, "நடக்காத பாவத்துக்கு மன்னிப்பு குடுக்க முடியாதும்மா. அபராதம் வேணா குடுக்கலாம். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு நீதான் கவுன் போட்டு உடணும்" என்றார்.

மறுநாள் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானே போட்டுக்கொள்கிறேன் என்றாள். சாமியார் உத்தரவு என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டேன். அவிழ்ந்து கிடந்த நாடாவை எடுத்துக் கட்டப் போனபோதுதான் பார்த்தேன். முதுகுப்பக்கம், நாடா மறைக்கும் இடத்தில், மெழுகுவர்த்தி சுட்ட ஓட்டை. வெள்ளை நூலால் இழையோட்டி அடைத்திருந்தார்கள். ஓரம் பழுப்பாக இருந்தது. யாரோ ஒருத்தி ஏற்கெனவே இந்தக் கவுனில் பவனி போயிருக்கிறாள்.

அவள் திரும்பவில்லை. "அம்மா வேலை செய்ற வூட்டுப் பொண்ணோடது. அங்க அம்மா வூடு தொடைக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பொறாமை போன இடம் தெரியவில்லை. பரிசுத்த ஆவியே இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்துக்கொண்டு, வானத்துச் சம்மனசு மாதிரி நடந்துபோய் நன்மை வாங்கினேன்.

மத்தியானம் வீட்டில் பிரியாணி. பெரியம்மா என் கவுனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "பிரான்ஸ் துணி பக்கத்துல இது கொசுவலையாட்டம் இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சித்தியின் பெருமை அத்தனையும் அங்கேயே கவிழ்ந்துவிடும். எதிரே சித்தி மகள் சாப்பிடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெரிய கறித்துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பயந்துகொண்டே சாமியாரிடம் போனேன். உண்மை தெரிந்தும் மறைத்துவிட்டேன், எங்கள் அம்மாவைக் கேலி செய்தபோதுகூடச் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லிடணும்னு தோணலியா?"

"ரொம்ப தோணுச்சு, சாமி."

இந்தத் தடவை அவர் இருமவில்லை. "சரி, வூட்டுக்குப் போம்மா" என்றார்.

அபராதம் எதுவும் சொல்லவில்லை. பாவம், வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் சேர்த்து நானே மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.